உள்ளே வரும் தட்டு

சனிக்கிழமை காலை வக்கீல் ஆபீசில் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கணவன் மனைவி இருவரும், மத்தியானம் இரண்டு மணிக்கு வழக்கம்போல ஸ்கேட்டிங் கூடத்தில் பாட்டுப் போடும் மேடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படியிருக்கும், உடம்பு முழுக்க அப்படியிருந்தது.

காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும் கூடத்து முதலாளி, அடுத்த வருஷமும் இருவரும் வருவார்களா, ஒருவர் மட்டுமா என்று கேட்டிருந்தார். இன்று கூடம் மூடுவதற்குள் பதில் வேண்டும். "நீயே சொல்லிடு" என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். வீட்டில் திரைச்சீலை நிறத்திலிருந்து வக்கீல் யாரென்பது வரை அவன் சொன்னதெல்லாம் அது ஒன்றுதான்.

மேடையில் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டு: இடது அவளுடையது, வலது அவனுடையது. ஒன்பது வருஷமாக மாற்றி மாற்றி ஆளுக்கொரு இசைத்தட்டு. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது அதன்மேல் ஏறி வர வேண்டும், இரண்டின் தாள அடியும் ஒன்றாக விழ வேண்டும். இதற்கு அவர்களிடம் ஒரே சட்டம்தான்: உள்ளே வரும் தட்டுதான் வளைந்து கொடுக்கணும், ஓடும் தட்டை யாரும் தொடக் கூடாது. புதுத் தட்டு முந்தினால் சுழலும் ஓரத்தில் விரல் நுனியை வைத்து லேசாக உரசவிட வேண்டும். பிந்தினால் நடுவட்டத்தைப் பிடித்து ஒரு பொட்டு முன்னே தள்ள வேண்டும். 'மருமகள் சட்டம்' என்று ஆரம்பத்தில் அவள் கிண்டலடிப்பாள். இப்போது அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

நாலு மணிவாக்கில் அவளுடைய தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஹெட்ஃபோனை ஒரு காதில் அழுத்தி, தன்னுடையதை உள்ளே விட்டான். எட்டு அடி ஒன்றாக விழுந்தது. பிறகு அவன் தட்டு மயிரிழை முந்தியது. படியில் செருப்போடு இரண்டு பேர் இறங்கும் சத்தம்போல ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்டது. அவள் கை, அவளைக் கேட்காமலே, ஓடிக்கொண்டிருந்த தன் தட்டை முன்னே தள்ளியது. அதே நொடியில் அவன் விரல் தன் தட்டைப் பிடித்து இழுத்தது. அவளுடையது முன்னே போய்விட, அவனுடையது பின்னே வந்துவிட, தாளம் தலைகீழாகக் குலைந்தது. கீழே கைகோத்துச் சறுக்கி வந்த நாலு பேர் கால் பின்னிப் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அவன் அவளுடைய ஒலியைச் சட்டென்று இறக்கித் தன் தட்டை மட்டும் ஓடவிட்டான். கீழே விழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள்.

"ஓடுறத ஏன் தொட்ட?"

"நீ பிடிப்பேன்னு நெனைக்கல."

அவள் குரலில் கோபமில்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல வந்தது.

அவன் தன் அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தான். பிறகு, "ஒம்பது வருஷமா என் தட்ட நான்தான பிடிக்கிறேன்" என்றான்.

"இங்க பிடிச்ச. வீட்ல பிடிக்கல."

அவன் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டான். மிச்ச நேரம் இருவரும் பிசிறில்லாமல் தட்டு மாற்றினார்கள். அவன் உள்ளே வரும்போதெல்லாம் அவள் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கை வெளியே வரப் பார்த்தது.

ஆறு மணிக்கு முதலாளி படியேறி வந்தார். நாலு பேர் விழுந்ததற்கு நாற்பது பேர் கைதட்டினார்கள், வாராவாரம் தள்ளிவிடலாம்போல என்றார். அப்புறம், "என்னம்மா முடிவு?" என்றார்.

"ஒருத்தர் போதும் சார்."

"யாரு, நீயா?"

"இல்ல, அவரு. தப்பு நான்தான் பண்ணேன். இனிமேலும் பண்ணுவேன்."

முதலாளி அவனைப் பார்த்தார். அவன் தட்டை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். உறை ஓரத்தில் இடித்துக்கொண்டு தட்டு உள்ளே போகவில்லை. அவர் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவள் தன் பெட்டியை மூடினாள். "இடது டர்ன்டேபிள் எப்பவும் கொஞ்சம் வேகமா ஓடும்" என்றாள். "குறைச்சு வெச்சுக்கோ."

"எவ்வளவு?"

யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருஷமும் கைதான் பார்த்துக்கொண்டது.

"தெரியல. நீயே கேட்டுப் பாரு."