ஈரம் காய்வதற்குள்

சுவிட்ச் எப்போது விழும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கிடங்கின் பின்புற நடையில், மின்பெட்டிக்கு நேர் எதிரே ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ஏசி மெஷின் ஓட ஆரம்பித்து முப்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது. பழுது பார்க்க வந்தவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கிடங்கு மேலாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவுக்கும் மின்பெட்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்போதும் உள்ளே சுவரில் தொங்கிய வெப்பமானியின் எண்ணை உரக்கச் சொன்னார்.

“இருபத்துமூணரை. இருபத்தஞ்சு தாண்டிச்சுன்னா அத்தனை பெட்டியையும் வேற கிடங்குக்கு ஏத்தணும். லாரிக்குச் சொல்லி வச்சிருக்கேன்.”

“சொல்லி வைங்க சார். வந்தா திருப்பி அனுப்பிக்கலாம்.”

“நீங்க ஒண்ணுமே பண்ணலையேம்மா.”

“அது விழட்டும். விழுந்ததும் யாரும் தூக்கிவிடக் கூடாது, அது மட்டும் உங்க பொறுப்பு. தூக்கிவிட்டா திருடன் ஓடிடுவான்.”

அவளுக்கு நாற்பத்தாறு வயது. உதிரிபாகக் கடைகளில் அவளை மீட்டர் அக்கா என்பார்கள். மீட்டர் இல்லாமல் அவள் எதையும் நம்புவதில்லை. சத்தத்தை வைத்தும், வாசனையை வைத்தும், வெளி யூனிட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தும் பழுதைச் சொல்லுகிற ஆண்கள் இந்தத் தொழிலில் நிறைய. அவர்களில் பாதிப் பேர் சொல்வது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதிக்குத்தான் அவளைக் கூப்பிடுவார்கள். முதல் பத்து வருடம், வீட்டுக்காரர்கள் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து ‘மெக்கானிக் எங்கே?’ என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவள் பதில் சொல்வதில்லை. ஏணியைக் கேட்பாள், அவ்வளவுதான்.

இந்த மெஷின் அவள் பொருத்தியதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், அவளும் அவள் கொழுந்தனும் சேர்ந்து. மொட்டைமாடியில் இருக்கிற வெளி யூனிட்டின் ஒயர் இணைப்பு வேலை அவனுடையது. உள்ளே செம்புக் குழாயையும், அதனோடு சேர்ந்து ஓடும் கேபிளையும் பொய்க்கூரைக்கு மேலே இழுத்துக் கட்டியது அவள். ஒரு வருடத்துக்கு மேல் மெஷின் மூச்சுக் காட்டாமல் ஓடியது. பிறகு ஒருநாள் மின்கசிவுக்கு விழுகிற சுவிட்ச் விழுந்தது. கால் மணி கழித்துத் தூக்கிவிட்டால் விழாமல் நின்றது. நாற்பது நிமிடம் ஓடி மறுபடியும் விழுந்தது.

அது எட்டு மாதத்துக்கு முன்பு. அன்றைக்கு அவளும் கொழுந்தனும் சேர்ந்துதான் வந்தார்கள். அளந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருந்தது. எங்கும் கசிவு இல்லை. வெளி யூனிட்டைத் திறந்தவள், அவன் முறுக்கிய திருகுகளில் ஒன்று லேசாக ஆடுவதைப் பார்த்தாள். ஆடியதா, இல்லை ஆட வேண்டும் என்று அவள் நினைத்தாளா என்பது இப்போது அவளுக்கே நிச்சயமில்லை. அன்றைக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது, மேலாளர் இதே போல எண்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார், வேறு எதுவும் அகப்படவும் இல்லை. “உன் கை வேலைதான். எத்தனை தடவை சொல்றது” என்று மேலாளர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். “நான் முறுக்கினது ஆடாது அண்ணி” என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னான். அவள் எல்லா இணைப்பையும் பிரித்துத் தானே புதிதாகப் போட்டாள். கிடங்கின் பராமரிப்புப் புத்தகத்தில் ‘இணைப்பு தளர்ந்திருந்தது, பொருத்தியவர் பிழை, சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அதற்கப்புறம் சுவிட்ச் விழவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்று மெஷினே சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. அடுத்த மாதம் கொழுந்தன் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சண்டை என்று எதுவும் இல்லை. ஒரே கட்டடத்தில் மேல்வீடும் கீழ்வீடும்; பிள்ளைகள் எந்த வீட்டில் பசிக்கிறதோ அந்த வீட்டில் சாப்பிட்டார்கள்; ஓரகத்தி துணி காயப்போடும்போது அவளோடு எப்போதும் போலப் பேசினாள். அவன் மட்டும் அண்ணியைப் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போனான். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்காரும் அவள் கணவர் இந்த விஷயத்தில் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான். “நீ சொன்னது சரியாவே இருக்கட்டும். சொன்ன இடம் சரியா?” என்றார்.  வேலையில் தயவு தாட்சண்யம் பார்த்தால் யாராவது ஷாக் அடித்துச் சாவார்கள் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மழைக்காற்று திரும்பியது. சுவிட்சும் மறுபடி விழ ஆரம்பித்தது. மேலாளர் முதலில் அவளைக் கூப்பிடவில்லை. ‘பொருத்தினவங்களே தப்புன்னு எழுதிக் குடுத்த பிறகு மறுபடி உங்களையே எப்படிம்மா கூப்பிடறது’ என்று போனில் மென்மையாகத்தான் சொன்னார். ஒருவர் வந்து வெளி யூனிட்டின் விசிறி மோட்டாரை மாற்றினார். இன்னொருவர் கம்ப்ரஸரையே மாற்றினார். சுவிட்ச் அசரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் அவளுக்குப் போன் வந்தது.

வரும் வழியிலேயே அவள் ஒன்றை முடிவு செய்திருந்தாள். வந்த எல்லாரும் மெஷின் நின்று, ஆறி, காய்ந்த பிறகுதான் அளந்திருக்கிறார்கள். அன்றைக்கு அவளும் அப்படித்தான் அளந்திருந்தாள். ஓடும்போது வருகிற நோய்க்கு, உறங்கும்போது நாடி பிடித்தால் என்ன தெரியும்? அதனால் இன்று வந்ததுமே முதல் வேலையாக இரண்டு யூனிட்டின் மூடிகளையும் பாதி திருகில் தளர்த்தி வைத்தாள். எந்தெந்த ஒயரை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மொட்டைமாடிப் படிக்கட்டை ஒரு தடவை ஏறி இறங்கி எண்ணிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு படி.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் சுவிட்ச் ‘டக்’ என்று விழுந்தது.

மேலாளரின் கை தானாக எழுந்தது. அவள் பார்த்த பார்வையில் அப்படியே இறங்கியது. மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவள் படியேறினாள். வெளி யூனிட்டில் மின்சாரம் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு ஒயர்களைக் கழற்றினாள். இறங்கி வந்து உள் யூனிட்டிலும் கழற்றினாள். இப்போது மூன்று துண்டு: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஓடுகிற கேபிள். ஒயர் மீதிருக்கும் உறை பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிற மெகர் என்ற கருவியைத் தோள்பையிலிருந்து எடுத்தாள். உள் யூனிட் சுத்தம். ஓடிப் போய் வெளி யூனிட்டை அளந்தாள். அதுவும் சுத்தம். ஆளாளுக்கு மாற்றிய மோட்டாரும் கம்ப்ரஸரும் தங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சொல்லின. மறுபடி இறங்கி வந்து கேபிளில் வைத்தாள். முள் எழவே இல்லை. கசிவு இதில்தான்.

“என்னம்மா?” என்றார் மேலாளர்.

“இருங்க சார்.”

ஐந்து நிமிடம் கழித்து அளந்தாள். முள் கொஞ்சம் எழுந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் இன்னும் கொஞ்சம். கண்ணுக்கு முன்னாலேயே கேபிள் குணமாகிக்கொண்டு வந்தது. அவளுக்கு மகிழ்ச்சியில் கழுத்துப் பின்னால் ஜில்லென்றது. ஈரம். மெஷின் ஓடினால் குழாய் குளிரும், குளிர்ந்த குழாய் வேர்க்கும், வேர்வை எங்கோ உறை கிழிந்த ஒயருக்குள் இறங்கும், சுவிட்ச் விழும், நின்றதும் காயும். காற்று காய்ந்திருந்த மாதங்களில் குழாய் வேர்க்கவே இல்லை. அதனால்தான் அவ்வளவு நாள் சுவிட்ச் விழாமல் இருந்தது. அவள் புதிதாகப் போட்ட இணைப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அந்த மகிழ்ச்சி ஏணியில் நான்கு படி ஏறும்வரை இருந்தது. ஐந்தாவது படியில், பொய்க்கூரையின் பலகையைத் தள்ளி டார்ச்சை அடித்தபோது, இந்த வழி முழுவதும் கேபிளை இழுத்தது யார் என்ற நினைவு வந்தது.

குழாய் ஓடும் வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே போனாள். சுவர் ஓட்டைக்கு இரண்டடி இந்தப் பக்கம், இரும்புச் சட்டத்தின் விளிம்போரம், விரல் நனைந்தது. பிளாஸ்டிக் கட்டு நாடா ஒன்று குழாயையும் கேபிளையும் சேர்த்து இறுக்கியிருந்தது. இறுக்கிய இறுக்கில் குழாயின் மேலிருந்த நுரை உறை நசுங்கிப் பிளந்திருந்தது. அங்கேதான் குழாய் வேர்த்தது. அதே நாடா கேபிளைச் சட்டத்தின் விளிம்போடு அழுத்தியிருந்தது. இரண்டு வருட அதிர்வில் விளிம்பு கேபிளைத் தின்று, உள்ளே செம்பு மினுங்கியது. நாடாவின் மிச்ச நுனி வெட்டிய பிறகு சுட்டு மழுக்கப்பட்டிருந்தது. அவளைத் தவிர யாரும் அப்படிச் செய்வதில்லை. வெட்டி அப்படியே விட்டால் அடுத்தவன் கையைக் கிழிக்கும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிபவள் அவள்.

தலையைக் கூரைக்குள் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். கீழே மேலாளர் “இருபத்துநாலே கால்” என்றார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்கு இப்போது நன்றாகவே தெரிந்தது.  கை தானாக நாடாவை வெட்டியது. அந்த நீளக் கேபிளை முழுவதுமாக உருவிவிட்டுப் புதியதை இழுத்தாள், இந்த முறை குழாயோடு சேர்க்காமல் தனிக் குழலுக்குள். நுரை உறையைப் புதிதாகச் சுற்றினாள். சட்டத்தின் விளிம்பை அரத்தால் மழுக்கினாள். அவசரப்படவில்லை. இருபத்துநாலே முக்காலில் மெஷின் ஓடத் தொடங்கியது. லாரிக்காரரிடம் வர வேண்டாம் என்று மேலாளர் போனில் சொன்னபோது அவர் குரலில் ஒரு பாட்டே இருந்தது.

அவள் முழுதாக ஒரு மணி நேரம் அதே கூடையில் உட்கார்ந்திருந்தாள். சுவிட்ச் விழவில்லை. பிறகு அந்தப் பராமரிப்புப் புத்தகத்தைக் கேட்டாள்.

“சார், போன தடவை உங்க முன்னாடி ஒருத்தனைத் தப்பு சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. உங்க கொழுந்தன். நல்ல பையன்.”

“தப்பு அவனோடது இல்ல. என்னோடது. நான் கட்டின கட்டு.”

மேலாளர் சங்கடமாகச் சிரித்தார். “யார் தப்பா இருந்தா என்னம்மா. உள்ள சில்லுனு இருக்கு, எனக்கு அது போதும்.”

“எனக்குப் போதாது சார்.”

எட்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டி எடுத்தாள். பழைய வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழேயே, ‘மேற்சொன்னது தவறு. கேபிளைக் கட்டிய என் பிழை’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். அவரையும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏதோ பத்திரம் எழுதுகிறவர் போல நிதானமாகப் போட்டார். அந்தப் பக்கத்தை அவள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். அனுப்பிவிடலாம் என்று கொழுந்தனின் எண்ணைத் திறந்தாள். கடைசியாக வந்த செய்தி எட்டு மாதத்துக்கு முந்தையது: ‘ட்ரில் மெஷினை மாடிப்படியில் வச்சிருக்கேன் அண்ணி.’ அனுப்பாமல் மூடினாள். ஆள் முன்னால் சொன்ன சொல்லை, ஆள் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

இன்று அவனுக்கு எங்கே வேலை என்று ஓரகத்தியிடம் கேட்டபோது, எந்தக் கட்டடம் என்று சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை. “சாயங்காலம் வரை அங்கதான் இருப்பாரு அக்கா. போங்க” என்றாள், அவ்வளவு நாளாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல.

அது ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். ஒரு லிஃப்ட் ஓடியது, மற்றதன் முன்னால் மூன்றாம் மாடியில் தடுப்புப் பலகை வைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. லிஃப்ட் பெட்டி பாதி கீழே இறங்கி நின்றதால் அதன் கூரை அவள் மார்பு உயரத்தில் இருந்தது. அதன்மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவனின் இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது. இடது கால் பெருவிரலை ஷூவுக்குள் அசைத்துக்கொண்டே வேலை செய்கிற பழக்கம் அவனுக்கு. அதை வைத்தே அடையாளம் கண்டாள்.

“நான்தான்” என்றாள்.

பெருவிரல் நின்றது.

“மருந்துக் கிடங்குக்குப் போயிருந்தேன். உன் திருகு ஆடல. நான் கட்டின நாடா கேபிளை அறுத்திருக்கு. உன்னை அங்க வச்சு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. புத்தகத்துலயும் எழுதிட்டேன், அந்த சாரும் கையெழுத்துப் போட்டிருக்காரு.”

 இரும்புக் கயிறு ஒன்று எங்கோ உயரத்தில் மெல்ல முனகியது. அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். மன்னித்துவிடு என்றோ, திரும்பி வா என்றோ சேர்த்துச் சொன்னால் அது அவனை நெருக்குவதாகிவிடும் என்று பட்டது. போகலாமா என்று பையைத் தோளில் ஏற்றினாள்.

“எந்த இடம்?” என்று கேட்டான்.

“சுவர் ஓட்டைக்கு ரெண்டடி இந்தப் பக்கம். சட்டத்து விளிம்புல.”

“ஈரமா?”

“ஈரம்தான். ஓடினா நனையும், நின்னா காஞ்சிடும்.”

“அதான் மெகர்ல காட்டல.”

“ஆமா.”

மேலே மறுபடி வேலைச் சத்தம் தொடங்கியது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து கிரீஸ் படிந்த ஒரு கை அவள் முகத்துக்கு நேராக இறங்கி, உள்ளங்கையை விரித்து நின்றது.

“கீழ டூல்ஸ் பெட்டியில பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் இருக்கும் பாருங்க அண்ணி.”

அவள் தடுப்புப் பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். அவனுடைய கருவிகள் எப்போதும் போலத் தாறுமாறாகத்தான் கிடந்தன. ஸ்பேனரைத் தேடி எடுத்து அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டு மேலே இருட்டுக்குள் போயின.