கிளை பட்ட பந்து

மேற்கே ஆலங்காயத்துத் தோப்புகளின்மேல் மாலை வெயில் சாய்ந்து, சாமைக் கொல்லைகளைத் தடவிவந்த குளிர்காற்று முகத்தில் படும் வேளையில், சவ்வாது மலைக்கல்லூரியின் கூடைப்பந்து அரங்கைக் காண வருபவர், படிப்போரே, முதலில் ஆடுகளத்தைக் காணமாட்டார். அதன்மேல் கைநீட்டி நிற்கும் புளியமரத்தையே காண்பார். கல்லூரிக்கு நிலம் ஈந்த உழவர் ரங்கன், மண்ணைக் கொடுத்து மரத்தை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டார். ஆகவே மரத்தைச் சுற்றியே கற்படிகள் எழுந்தன. தாழ்ந்த கிளைக்கென ஒரு விதிமுறையும் பிறந்தது. பந்து கிளையில் பட்டுக் கூடையில் விழுந்தாலும் புள்ளி உண்டு என்பதே அது. வந்தவர்க்கு அதை முன்கூட்டிச் சொல்வாரில்லை. அவர்கள் தோற்று விழிக்கையில் மலையூரார் கைகொட்டிச் சிரிப்பர்.

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையேயான போட்டியின் இறுதியாட்டத்தில் திருப்பத்தூர் மகளிர் எதிர்நின்றனர். வெற்றிக்கிண்ணம் ஒருமுறையேனும் மலையேறாதா என்று ஊரே ஏங்கியது. வாணியம்பாடியிலிருந்து வந்து பயின்ற மலையணித் தலைவி ஷாஸியாவுக்கோ அதுவே கல்லூரியில் கடைசி ஆண்டு. அவள் அணி ஒரு புள்ளி முந்தியிருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிப் பெண் எறிந்த பந்து கிளையில் மோதி, இலையுதிர்த்து, கூடைக்குள் இறங்கியது. வெளியூர் நடுவர் முறை அறியாதவராய்ச் செல்லாதென்று கைவீசினார். முறை அறிந்த அத்தனை பேரும் அதை மறந்தவர்போல் ஆர்ப்பரித்தனர், சொல்லவே நாணமாயிருக்கிறது.

ஷாஸியா நடுவரிடம் நடந்தாள்.

"சார், அது கூடைதாங்க. இங்க கெள பட்டாலும் கணக்கு உண்டு. அவங்கதான் ஜெயிச்சாங்க."

ரங்கன் படியிலிருந்து இறங்கிவந்தார்.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்ட? என் மரத்தாலயே தோத்துட்டீங்களே! நாளைக்கே அந்தக் கெளைய வெட்டிட்றேன்."

"வேணாங்க தாத்தா. நாம ஜெயிச்சப்பல்லாம் அது அங்கதான இருந்திச்சி?"

சொல்லிவிட்டு அவள் அழுதுவிட்டாள்.

கிண்ணம் திருப்பத்தூருக்கே போயிற்று; படிப்பு முடித்த ஷாஸியாவும், அதை ஒருநாளும் ஏந்தாத கைகளோடு இறங்கிப்போனாள். இன்றோ, ஆட்டம் தொடங்குமுன் மலையணியினர் எதிரணியைக் கிளையின் கீழ் அழைத்துச்சென்று முறையைச் சொல்லிவிட்டே களம் புகுகின்றனர். ரங்கன் படியில் அமர்ந்து அதைக் கேட்டிருக்கிறார். கிண்ணம் இன்னும் மலையேறவில்லை. ஏறும் நாளில், அந்தக் கிளையின் கீழேதான் அது வந்தாக வேண்டும்.