கூழாங்கல் செடி

போன மாதம் இரண்டு டிரைவர்களின் வண்டியைப் போலீஸ் பிடித்துவைத்துக்கொண்டது. செடியைத் திருடியது வண்டியில் ஏறிய பயணிகள்தான். ஆனாலும் வண்டியில் இருந்தால் வண்டியும் போகும். விரல்நுனி அளவுச் செடி, கூழாங்கல் போலவே கிடக்கும். வெளிநாட்டில் அதற்குப் பைத்தியமாக அலைகிறார்கள்.

ஆறு வருஷம் சுரங்கத்தில் பாறை துளைத்து வாங்கிய வண்டி என்னுடையது. அதனால் அன்று ஆவுஸ் ஊரில் சுற்றிப்பார்க்க ஏறிய இருவரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பியூக்ஸ், ஓய்வுபெற்ற குமாஸ்தா, வாய் திறக்க மாட்டார். மார்லீன் தலைநகர் விண்ட்ஹுக்கில் கடை வைத்திருப்பவள், வாய் ஓயாது. பழுப்புக் காகிதத்தில் சுற்றிய உப்புக்கண்டத்தைக் கூடையிலிருந்து எடுத்து எனக்கும் நீட்டினாள்.

முதலில் பாறைக் குன்று. மார்லீன் போட்டோ எடுக்க ஒருபக்கம் போனாள். பியூக்ஸ் பையோடு மறுபக்கம் போய் இருபது நிமிஷம் கழித்து வந்தார்.

"அங்க என்னய்யா விசேஷம்?" என்று கேட்டேன்.

"கல்லுதான்."

"அந்தப் பையைக் கீழயே வைக்க மாட்டேங்கிறாரு, கவனிச்சீங்களா தம்பி?" என்றாள் மார்லீன் மெதுவாக.

கவனித்திருந்தேன்.

அடுத்து ஹைட்சி-ஐபிபின் கல்குவியல். பழங்கதையில் செத்துச் செத்துப் பிழைத்த வீரனின் கல்லறை. எங்கள் நாமா ஜனம் ஒரு கல் போடாமல் அதைத் தாண்டாது. மார்லீனும் எங்கள் ஜனம்தான், ஆனால் கால் வலி என்று வண்டியிலேயே இருந்துவிட்டாள். என் கல்லைப் போட்டுவிட்டு நான் பியூக்ஸ் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கல்லைப் போட்டார், எதையும் எடுக்கவில்லை.

காட்டுக்குதிரைகள் தண்ணீர் குடிக்கும் இடத்துக்கு மணலில் போகவேண்டும். டயரில் காற்றை இறக்கிவிட்டுப் போனோம். அங்கே பியூக்ஸ் திடீரென்று பையைப் போட்டுவிட்டுப் புதருக்கு ஓடினார். திறந்து பார்த்தேன். வயிற்றுப்போக்கு மாத்திரை, மாற்றுத்துணி, கழிப்பறைக் காகிதச்சுருள்.

திரும்பி வந்தவர் பையைத் தடவினார்.

"ஜிப்பை நான் முழுசா மூடியிருந்தேன்."

நான் போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன்.

தார்ச்சாலைக்கு வந்ததும் டயருக்குக் காற்றடிக்க, பின்சீட்டுக்குக் கீழே இருந்த பம்புப் பெட்டியைத் திறந்தேன். பம்பைச் சுற்றிலும் பழுப்புக் காகிதப் பொட்டலங்கள், உப்புக்கண்ட வாசனையோடு. ஒன்றைப் பிரித்தேன். நாற்பது ஐம்பது செடி, வேரோடு.

காற்றடித்து முடித்துவிட்டுப் பெட்டியை மார்லீன் மடியில் வைத்தேன்.

"செக்போஸ்ட் வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்க்கா."

"உன் பெட்டிடா அது. என் தலையில கட்டப் பார்க்கிறியா?" என்றாள். 'தம்பி' போய் 'டா' வந்திருந்தது. "இடதுபக்கம் ஒரு மண்பாதை போகுது. அதுல விடு, பாதி உனக்கு."

நேராகவே ஓட்டினேன்.

"ஐயா, பாத்ததைச் சொல்லுவீங்களா?"

"என் பையைக் குடைஞ்சவனுக்கு நான் எதுக்குச் சாட்சி சொல்லணும்?" என்றார் பியூக்ஸ்.

மிச்சமிருந்த எட்டு கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தேன். 

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "யாருது?"

"டிரைவருது," என்றாள் மார்லீன்.

"வண்டியை ஓரங்கட்டு," என்றார் அவர் என்னிடம்.

பியூக்ஸ் தொண்டையைச் செருமினார். "கல்குவியல்கிட்ட நாங்க ரெண்டு பேரும் இறங்கிக் கல்லு போட்டோம் சார். இந்தம்மா மட்டும் இறங்காம வண்டியில தனியா இருந்தாங்க. அந்தக் காகிதத்தோட மிச்சம் அவங்க கூடையில இருக்கும்."

போலீஸ்காரரும் எங்கள் ஜனம்தான், கல் போடாமல் தாண்டாதவர். மார்லீனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடைக்குள் கையை விட்டுப் பழுப்புக் காகிதத்தை உருவினார்.

அவளை இறக்கிக்கொண்டு போனபின் பியூக்ஸிடம் திரும்பினேன்.

"உனக்காகச் சொல்லல. பாத்தது பாத்ததுதான்," என்றார். பையை மடியில் வைத்து ஜிப்பை முழுசாக மூடினார்.