முதல் வரியில் விடுபட்ட பெயர்

திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும், அடுப்பில் வெந்துகொண்டிருந்த மட்டோக்கே வாழைக்காயை அப்படியே விட்டுவிட்டு நாலுமன்சி கணினிக்கு ஓடினாள்.

சூரிய மின்சாரத்தில் ஓடும் சிறு கணினிகள் பாதியில் அணைந்துபோகும் கோளாறுக்கு அவள் ஏழு வாரம் உட்கார்ந்து எழுதிய நாற்பது வரி நிரல் அது. பலர் சேர்ந்து எழுதும் லினக்ஸ் மென்பொருளில் அவள் பெயரில் ஒரு திருத்தம் சேர்ந்திருந்தால்தான் ஓராண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அடுத்த மாதம் அவளுக்கு முப்பது வயது முடிகிறது. அதற்குமேல் எடுக்க மாட்டார்கள்.

பக்கத்தைத் திறந்தாள். எழுதியவர் என்ற இடத்தில் அவள் கணவன் கிசிட்டுவின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருந்தன.

"கிசிட்டு, இங்க வா. இது என்ன?"

"நான்தான் அனுப்பினேன்," என்றான் அவன், தலையைத் துவட்டியபடி. "நீ மூணு தடவை அனுப்பின, ஒரு பதிலாவது வந்துச்சா? என்னை அங்க எல்லாருக்கும் தெரியும். ரெண்டே நாள்ல பராமரிப்பாளர் எடுத்துக்கிட்டாரு பாரு!"

"அனுப்பினது சரி. அடுத்தவங்க எழுதினதை அனுப்பினா, கடிதத்தோட முதல் வரியில அவங்க பேரையும் முகவரியையும் போடணும்ல? அஞ்சு வருஷமா அங்க குப்பை கொட்டுறியே, இதுகூடவா தெரியாது?"

கிசிட்டுவின் கை துண்டோடு நின்றது.

"தெரியும். உன் பேரைப் பார்த்துட்டு மறுபடியும் ஒதுக்கிடுவாரோன்னு பயந்துட்டேன். அப்புறமா மாத்திக்கலாம்னு நினைச்சேன்."

"எங்க போய் மாத்துவ? சேர்ந்தா சேர்ந்ததுதானே!"

அந்தக் காலையிலேயே அவன் வரும் திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்க்கும், ஜெர்மனியில் இருந்த அந்தப் பராமரிப்பாளருக்கு மன்றாடி எழுதினான். மதியம் மரியாதையாகப் பதில் வந்தது. திருத்தம் முதன்மைத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது, இனி எதையும் மாற்ற இயலாது. அடுத்த முறை உங்கள் மனைவியின் முகவரியை முதல் வரியில் தவறாமல் எழுதுங்கள். பயிற்சி நடத்துபவர்களும் கைவிரித்தார்கள். அவள் முன்பு அனுப்பிய மூன்றும் ஏற்கப்படாதவை. ஏற்கப்பட்டதில் உள்ள முகவரியைத்தான் அவர்கள் பார்ப்பார்களாம்.

வெள்ளிக்கிழமை மாலை, பாதி நிரப்பிய விண்ணப்பத்தின் முன் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கண்கள் சிவந்திருந்தன. திட்டக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

"என்னைத் திட்டிடு," என்றான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அனுப்புறதுக்கு முன்னாடி அதுல ஏதாவது மாத்தினியா? ஒரு வரியாவது?"

"இல்ல நாலுமன்சி. நீ எழுதினது அப்படியேதான் போச்சு."

"அப்போ நான் முதல் தடவை அனுப்பினதே சரியாத்தான் இருந்திருக்கு."

கடைசி நிமிடம் கடந்ததும் விண்ணப்பம் தானாகவே மூடிக்கொண்டது. வெறும் திரையைப் பார்த்தபடி அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.