ரத்தம் மட்டும் எல்லை தாண்டியது

என் வீட்டுக்காரர் ரெங்கராஜ் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பேன், அப்புறம்தான் முகம். அவருக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. அடிபடாமலே நீலநீலமாகத் தடம், பல் தேய்த்தால் ரத்தம். சூடு என்று இளநீராகக் குடித்துக்கொண்டிருந்தார் மனுஷன். அன்னவாசல் ஆட்டோக்காரப் பிள்ளைகள் திருச்சிக்கு வந்து மாற்றி மாற்றி ரத்தம் கொடுத்ததில், அதற்கப்புறமும் ஒரு வருடம் என்னோடு இருந்தார். பேத்தி இலக்கியா கல்யாணத்தில் பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன திருப்பிச் செய்துவிட முடியும்? பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் வாய் ஓயாமல் இந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இந்தப் பங்குனியில் பக்கத்து வீட்டு நாகராசு அலகு குத்துவதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தான். கோயில் வாசலில் பந்தல் போட அவன் கையைத் தூக்கியபோது பார்த்தேன். இரண்டு முழங்கையிலும் நீலம்.

"என்னடா இது?"

"வந்துட்டாங்கய்யா, காயம் பாக்குற அப்பத்தா! பந்தல் மூங்கிக் கம்பு பட்டிருக்கும், விடுங்க."

"ரெண்டு கையிலயுமா பட்டுச்சு? காச்சல் இருக்கா?"

அவன் பெண்டாட்டி அமிர்தவல்லி முந்திக்கொண்டாள். "ஒரு வாரமா ஒடம்பு கொதிக்கிது அப்பத்தா. துப்புனா ரத்தமா வருது. ஆஸ்பத்திரிக்கு வாய்யான்னா, காப்பு கட்டிட்டேங்கிறாரு."

"எல்லையத் தாண்டுனா ஆத்தா கோவிச்சுக்கும்ல? திருவிழா முடியவும் நானே போறேன்."

"அதுக்கு இன்னும் எட்டு நா கெடக்கேடா!"

எட்டு நாளில் இந்த நோய் என்ன செய்யும் என்று பார்த்தவள் நான். நேராகப் பூசாரி நல்லதம்பியிடம் போய் நின்றேன்.

"ஏங்க, காப்பு கட்டுன ஆளு எல்லையத் தாண்டக் கூடாது, சரி. அவன் ரத்தம் தாண்டலாமா?"

பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "என்ன கேள்வி கேக்குற மீனம்மா? இத எங்கப்பன் எனக்குச் சொல்லித்தரலியே!"

"அப்ப தப்பில்லங்கிறீங்க."

"நான் எங்க அப்பிடிச் சொன்னேன்?"

"தப்புன்னும் சொல்லலேல்ல!"

அன்னவாசல் லேப்பில் வேலை பார்க்கும் சத்யாவுக்குப் போன் போட்டேன். அவள் ஸ்கூட்டியில் வந்து, வேப்பமரத்தடியில் வைத்தே நாகராசுவுக்கு ரத்தம் எடுத்தாள். அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"அலகு குத்தப் போற ஆளு, ஊசிக்குக் கண்ண மூடுறதப் பாருங்கடி!" என்று பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் சத்யா போனில் கூப்பிட்டாள். "அப்பத்தா, வெள்ளையணு எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. ரத்தம் ஒறையிறதுக்கான அணு ரொம்பக் கொறச்சல். அலகு கிலகு குத்தவே கூடாது. இப்பவே திருச்சிக்குக் கெளம்புங்க."

கோயில் வாசலில் வாடகைக் கார் வந்து நின்ற பிறகும் நாகராசு மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூசாரி வந்தார். காப்பை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார்.

"ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கார்ல ஏறு."

ரத்தப் புற்றுநோய்தான். "அலகு குத்தியிருந்தா ரத்தத்த நிறுத்தியிருக்கவே முடியாதும்மா. நல்ல நேரத்துல கூட்டியாந்தீங்க" என்றார் டாக்டர். மாதக்கணக்கில் வைத்தியம் நடந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போய் ரத்தம் கொடுத்தார்கள்.

போன வாரம் நாகராசு என் வீட்டுக்கு வந்தான். மொட்டைத் தலை, பாதி உடம்பு, வாய் மட்டும் அப்படியே.

"இப்போதைக்கு ரத்தத்துல நோய் இல்லேன்னுட்டாங்க அப்பத்தா. மாசாமாசம் போயிக் காட்டணுமாம். இந்தாங்க, கை. நல்லாப் பாத்துக்கங்க."

பார்த்தேன். ஊசித் தழும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. உள்ளே போய் என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் நின்றேன்.

"கேட்டீங்களா? புள்ள பொழச்சுக்கிட்டான்."

இருந்தபோதே அவருக்குக் காது மந்தம். இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.