நாள்காட்டியில் இல்லாத அம்மா

மன்சிக்கின் வீட்டில் அன்றைய பாடத்தை முடித்து நான் வெளியே வந்தபோது, அவனுடைய அம்மா மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் மூடிபோட்ட பாத்திரம். பிறந்த நாளுக்கு வைக்கும் கடற்பாசி சூப் மணத்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரில சேர்றேன் டீச்சர். இனி வெளிய வர்ற மாதிரி இல்ல. இன்னைக்கு அவன் பொறந்த நாள், சந்திரக் கணக்குல."

மன்சிக்குக்கு நாற்பது தாண்டிவிட்டது. பாதி வயதைக் குன்சான் ஊருக்கு வெளியே, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு விடுதியில் கழித்தவன். இலையுதிர் காலத்திலிருந்து இங்கே தனியாக இருக்கிறான்; வாரம் ஒரு நாள் நான் வந்து சொல்லிக்கொடுக்கிறேன். சோறு வைப்பான், துவைப்பான், பஸ் பிடித்து வேலைக்குப் போவான். ஆனால் யார் மணியடித்தாலும் கதவைத் திறந்துவிடுவான். குளிர்காலத்தில், "உங்க அம்மா அனுப்பினாங்க" என்று வந்த ஒருவன் டிவியைத் தூக்கிக்கொண்டு போனான். இன்னொரு முறை நடந்தால் விடுதிக்கே திரும்ப வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு எங்களுக்கு ஒரே பாடம்தான். நாள்காட்டியில் அன்று யார் படம் ஒட்டியிருக்கிறதோ அவருக்கு மட்டும் கதவு. சோதித்துப் பார்க்க, என் படம் இல்லாத நாளில் வந்து மணியடிப்பேன். அவன் சிரித்துக்கொண்டே திறப்பான். போன வாரம்தான் முதல் முறையாகத் திறக்காமல் இருந்தான்.

அம்மா மணியடித்தார்.

"யாரு?"

"நான்தான்டா, அம்மா."

உள்ளே வீட்டுச் செருப்பின் சத்தம் நாள்காட்டிவரை போய்த் திரும்பியது.

"அம்மா ஞாயித்துக்கெழம. இன்னைக்கு வியாழன்."

"என் குரல் தெரியலயாடா?"

"அம்மா குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா படம் இல்ல."

"பொறந்த நாளுக்கு சூப் கொண்டாந்திருக்கேன்."

"என் பொறந்த நாள் மார்ச் பதினொண்ணு. அடையாளக் கார்டுல இருக்கு. அது முடிஞ்சிருச்சு. பொய் சொன்னா போலீஸக் கூப்பிடுவேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "போலீஸாம். கேட்டீங்களா டீச்சர்? சின்ன வயசுல நாயப் பாத்தாலே என் பாவாடைக்குள்ள ஒளிவான்."

நான் கதவை நெருங்கினேன். நான் சொன்னால் திறப்பான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். இன்னைக்கு நீங்க சொல்லித் திறந்தான்னா, நாளைக்கு எவன் சொன்னாலும் திறப்பான்."

"ஞாயித்துக்கெழம அவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"இருந்தா பாப்போம்."

கதவில் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு சூப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றியபடி இறங்கினார்.

சனிக்கிழமை விடியற்காலையில் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். செய்தி வந்ததும் கிளம்பினேன். மணியடித்தேன்.

"யாரு?"

"டீச்சர். கதவத் திற மன்சிக்."

செருப்புச் சத்தம் போனது, வந்தது.

"டீச்சர் வியாழக்கெழமதான்."

"ஒண்ணு சொல்லணும். திறப்பா."

"மாட்டேன்." குரலில் சிரிப்பு இருந்தது. கதவுக்கு மிக அருகில் வந்து கேட்டான். "சரியா சொன்னேனா டீச்சர்?"

"சரியாத்தான் சொன்ன" என்றேன். படியில் உட்கார்ந்தேன்.