சாம்பல் அரியணையா, எலும்புக்காடா?

ஐந்தாம் மாடியிலிருக்கும் பல் மருத்துவர் எங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன புகார் இது. லிஃப்ட்டைப் பழுது பார்க்க வந்த இருவரில் ஒருவர், எவனையோ கோடாரியால் இரண்டாகப் பிளந்துவிட்டதாக லிஃப்ட் குழி வழியாகக் கேட்கும்படி பெருமை பேசிக்கொண்டிருக்கிறார். சிகிச்சைக்காக வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளி அதைக் கேட்டுப் பயந்து வாயை மூடிவிட்டார். மருத்துவரின் விரல் அப்போது உள்ளே இருந்தது.

பெருமை பேசியவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. பிளக்கப்பட்டது எலும்புக்காடு என்னும் வீடியோ கேமில் திரியும் மூன்று தலை ஓநாய். மருத்துவருக்கு இதை விளக்க யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் சண்டை விளங்காது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் ஒருவர் கூண்டின் கூரைமேல் நின்று பழுது பார்ப்பார். இன்னொருவர் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்து கூண்டை நகர்த்துவார். கூரைமேல் நிற்பவர் சொல்வதை, மேலே இருப்பவர் அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் விசையைத் தொடலாம். "மேலே, ஒரு தளம்" என்றால் "மேலே, ஒரு தளம்" என்று பதில் வர வேண்டும். கூரைமேல் நிற்பவன் நான். மச்சான் குரல் கேட்காமல் கூண்டு அசையாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் என் தலையும் கைகால்களும் இத்தனை வருடமாக அதனதன் இடத்தில் இருந்து வருகின்றன.

இனி சண்டை. எங்கள் வீட்டு வரவேற்பறையில் கேம் பெட்டி ஒன்று உண்டு. நானும் மச்சானும் கூட்டாக வாங்கியது. பெட்டி ஒன்றானாலும் பக்தி இரண்டு. என்னுடையது சாம்பல் அரியணை. அதில் ஒவ்வொரு எதிரியும் ஒரு பாடம். அவன் எப்போது கையை ஓங்குகிறான், எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துப் பழகி, உருண்டு தப்பி, ஒரே ஓர் அடி அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் செத்தோம். எலும்புக்காடு நேர் எதிர். திரை நிறைய எலும்புக்கூடுகள் கூட்டங்கூட்டமாக வரும். பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் கொத்துக்கொத்தாகச் சாகும். செத்ததும் மோதிரம், கவசம், இடுப்புப் பட்டை என்று பொருள்கள் கொட்டும். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதம் வரவேற்பறையில் தொடங்கி, சாப்பாட்டு மேசைக்கு நகர்ந்து, கடைசியில் லிஃப்ட் குழிக்குள் இறங்கியது.

"மேலே, ஒரு தளம்!" என்பேன்.

"மேலே, ஒரு தளம். இதுக்குள்ள நான் நாப்பது பேரை முடிச்சிருப்பேன் மாமா. நீங்க இன்னும் அந்த ஒரே நாயைச் சுத்தி வந்துட்டிருப்பீங்க."

"நாய் இல்லடா அது, காவல் மிருகம்! உன் கேம்ல என்ன இருக்கு? கட்டைவிரல் வீங்கினா ஆட்டம் முடிஞ்சுது."

"எனக்காவது ஏதோ கையில கிடைக்குது."

"என்ன கிடைக்குது, பழைய செருப்பு! நீ வீரனா, பழைய சாமான் கடைக்காரனா?"

"உங்க ஆள் மட்டும் என்னவாம்? சுருட்டி வச்ச பாய் மாதிரி உருண்டுக்கிட்டே ஊரைச் சுத்தறான்!"

லிஃப்ட் குழி ஒலிபெருக்கியைப் போன்றது. அதன் சுவருக்கு அந்தப் பக்கந்தான் பல் மருத்துவரின் நாற்காலி. பாய் என்று சொன்ன மறுநாள் நான் அவனோடு பேசவில்லை. அதற்கு மறுநாள் அவன் என்னோடு பேசவில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லாமல் ஸ்பானரால் குழாயில் ஒரு தட்டு தட்டினான். தட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான் இரும்புக் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் வாயைத் திறந்தவன் ஓநாயைப் பிளந்த பெருமையைத்தான் பேசினான். புகார் போன அன்றே ஃபோர்மேன் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடியை எப்போதும் நெற்றிமேல் ஏற்றி வைத்திருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நெற்றிக்கண்.

"அடுத்த வாரம் அதே கட்டடத்துல நானே வந்து நிப்பேன்" என்றார். "கூப்பிட்டா பதில் வரணும். பதில்ல பேய் வரக்கூடாது, நாய் வரக்கூடாது. வந்துச்சு, ரெண்டு பேரையும் பிரிச்சுடுவேன். இவன் எஸ்கலேட்டர் பக்கம் போகட்டும். உனக்கு 'ம்ம்' வருவாரு."

'ம்ம்' என்பது எங்கள் அலுவலகத்தில் இன்னொரு மெக்கானிக்குக்கு நாங்கள் வைத்த பெயர். நல்ல மனிதர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். ஆனால் எதைச் சொன்னாலும் "ம்ம்" என்பார். மேலே என்றாலும் ம்ம், கீழே என்றாலும் ம்ம், நிறுத்து என்றாலும் ம்ம். அந்த ஓர் எழுத்தை நம்பி நான் குழிக்குள் கழுத்தை நீட்ட வேண்டும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி பேருந்து ஓட்டுகிறாள். சுற்றி வளைத்துப் பேசுவது அவளுக்குப் பிடிக்காது.

"நான் ஹாரன் அடிச்சா லாரிக்காரனே ஒதுங்கறான். நீங்க ரெண்டு பேரும் ஒரு இஞ்ச் நகர மாட்டேங்கறீங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை அவனை வரச் சொல்றேன். அவன் கேமை நீங்க ஆடுங்க, உங்க கேமை அவன் ஆடட்டும். எது நல்லதுன்னு முடிவு பண்ணிட்டு வாயை மூடுங்க. உங்க தலை நசுங்கிப் போனா அப்புறம் யாரோட சண்டை போடுவான் அவன்?"

எதையும் முறைப்படி செய்வது என் வழக்கம். வாள்வீச்சு, எதிரிகள், கவசம், கதை, இசை என்று தலைப்புப் போட்டு, கோடு கிழித்து, மதிப்பெண் தாள் தயாரித்தேன். மனைவி அதை எடுத்துப் பார்த்தாள்.

"இதென்னங்க, பத்தாவது பரீட்சையா? ஜெயிச்சவங்களுக்கு மேல் படிப்பு உண்டா?"

ஞாயிறு மதியம் மச்சான் வந்தான். என்னைப் பார்க்காமல் தொலைக்காட்சியைப் பார்த்து வணக்கம் சொன்னான். அக்காதான் அவன் கையில் என் கேமைத் திணித்தாள்.

அந்த நாயிடம் அவன் பட்ட பாட்டை நான் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்கவில்லை. கடி வாங்கினான், செத்தான், எழுந்து வந்து மறுபடியும் கடி வாங்கினான். கடைசியில் ஒரு முறை சரியாக உருண்டு அதன் விலாவில் குத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"நாய்னு சொன்னது தப்புதான் மாமா" என்று தொலைக்காட்சியிடமே சொன்னான்.

பிறகு நான் எலும்புக்காட்டில் இறங்கினேன். அவனுடைய வீரன் வாளை உருவும் முன்பே எலும்புக்கூடுகள் பொடிப்பொடியாகின. எனக்கு அலுப்புத் தட்டியது. அப்போது தங்க நிறத்தில் மின்னும் தலைக்கவசம் ஒன்று விழுந்தது. பார்க்காதவன்போல் எடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்குப் பொருத்தமான கையுறை எங்கே விழும் என்று தேட ஆரம்பித்ததை மனைவி கவனித்துவிட்டாள்.

"பழைய சாமான் கடையில நல்ல கூட்டமோ?"

மதிப்பெண்கள் ஏறக்குறையச் சமமாக வந்தன. கதை என்ற தலைப்பில் மாட்டிக்கொண்டோம்.

"உன் கேம்ல கதை என்ன?" என்று கேட்டேன்.

"காட்டுல எலும்பு இருக்கு மாமா."

"அப்புறம்?"

"அவ்ளோதான். உங்களோடதுல?"

"ஒரு கோபுரம். அதோட உச்சியில ஒரு அரியணை. அதுல ஒருத்தன் உக்காந்திருக்கான்."

"யாரு?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

"இத்தனை மாசமா ஆடறீங்க, உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியாதா?"

"மேல போனாத்தான் தெரியும்."

"போக வேண்டியதுதானே?"

மச்சான் என் வீரனைக் கோபுரத்துக்குள் நடத்திக்கொண்டு போனான். நடுக் கூடத்தில் வட்டமான கல்மேடை. அதன் நடுவே ஒரு மிதிகல். மேடையைத் தூக்க மேலிருந்து சங்கிலி தொங்கியது. லிஃப்ட். வீரன் விளிம்பிலேயே நின்றான். மச்சான் நாற்காலியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையை மேலும் கீழும் சுழற்றிப் பார்த்தான்.

"மாமா, இதுக்குக் கதவு எங்க?"

நான் மதிப்பெண் தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

"சுத்திக் கம்பி கூட இல்ல. சங்கிலி ஒண்ணே ஒண்ணு. எடைக்கல் எங்க தொங்குது? அறுந்து விழுந்தா தாங்கறதுக்குக் கீழ ஸ்பிரிங் இருக்கா?" அவன் முதல் முறையாக என் பக்கம் திரும்பினான். "இதுல எப்படி மாமா ஏறினீங்க?"

"ஏறல" என்றேன்.

உண்மை அதுதான். அந்த மேடையைப் பார்த்த நாள் முதல் நான் கோபுரத்துக்கு வெளியே முற்றத்தில்தான் இருக்கிறேன். அதே நாயை நாள்தோறும் கொன்று பலம் சேர்த்துக்கொண்டேன். சோதனைச் சான்றிதழ் இல்லாத லிஃப்ட்டில் காலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டு என்றாலும் கால் என்னுடையது அல்லவா?

மச்சான் சிரிக்கவில்லை. கேம் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எலும்புக்காட்டுல கீழ ஒரு சுரங்கம் இருக்கு மாமா" என்றான் மெதுவாக. "அங்கதான் நிஜமான கதையே ஆரம்பிக்குதாம். இறங்கறதுக்கு ஒரு மரத்தொட்டி வச்சிருக்கான். கயித்துல தொங்குது. பிரேக் கிடையாது."

"நீ இறங்கல?"

"பிரேக் இல்ல மாமா!"

"அதானே பாத்தேன், உன் ஆள் தொட்ட உடனே எல்லாம் பொடியாகுது. முதல் காட்டுலயே குடித்தனம் நடத்திருக்கே!"

என் மனைவி சோபாவில் சரிந்து விழுந்து சிரித்தாள். "டிப்போ வாசலைத் தாண்டாத ரெண்டு டிரைவருங்க, எந்த ஊர் ரோடு நல்ல ரோடுன்னு அடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு! மரியாதையா ஏறுங்க. அந்த அரியணைக்காரன் மூஞ்சியை நான் பாத்தாகணும்."

ஏறுவதென்றால் முறைப்படி ஏற வேண்டும். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை. செத்த நாயை மேடைமேல் இழுத்துப் போட்டு எடை தாங்குகிறதா என்று பார்த்தோம். தாங்கியது. மச்சான் கண்ட்ரோலரைப் பிடித்தான். நான் எழுந்து நின்றேன்.

"மேலே, ஒரு தளம்."

"மேலே, ஒரு தளம்" என்றான் மச்சான்.

பதிலின் வாலில் பேய் இல்லை, நாய் இல்லை, பாய் இல்லை. தெளிவான, முழுப் பதில். பல நாளாக அடைத்திருந்த காது சட்டென்று திறந்ததுபோல் இருந்தது எனக்கு. அவனுக்கும் ஏதோ ஆகியிருக்க வேண்டும். தேவையில்லாமல் இருமினான்.

வீரன் மிதிகல்லை மிதித்தான். மேடை ஏறியது. ஒரு தளம் வந்தது. போனது. இன்னொன்றும் போனது. மேலே கற்கூரை தெரிந்தது. மேடையின் வேகம் குறையவில்லை.

"நிறுத்து!" என்று கத்தினேன்.

"நிறுத்து!" என்று விதிப்படி திருப்பிச் சொன்னான் மச்சான். பிறகு நிறுத்தும் பொத்தானைத் தேடினான்.

திரை கறுத்து, 'சாம்பலானாய்' என்ற எழுத்து மட்டும் மிஞ்சியது.

"உச்சியில தானா நிக்கறதுக்கு ஒரு சுவிட்ச் கூட வைக்கலையே மாமா!" என்றான் மச்சான்.

"அவசர நிறுத்தம் இல்ல. எவன்டா இதுக்கு லைசென்ஸ் குடுத்தான்?"

"கூரைக்கும் மேடைக்கும் நடுவுல ஒரு ஆள் உக்கார இடம் விட்டானா?"

"ஒரு எச்சரிக்கைப் பலகை?"

"ரெண்டாவது தளத்துல எறங்கிருக்கணும், பைத்தியங்களா" என்றாள் மனைவி. நாங்கள் கேட்கும் நிலையில் இல்லை. உடனே எலும்புக்காட்டைப் போட்டு மரத்தொட்டியையும் சோதித்தோம். அதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. மாலைக்குள் மதிப்பெண் தாளில் இருந்த தலைப்புகள் அத்தனையையும் அடித்துவிட்டு, இரண்டு கேமுக்கும் நேரே ஒரே முடிவை எழுதினேன்: ஏறத் தகுதியற்றது. மச்சான் கீழே கையொப்பமிட்டான். அரியணையில் எவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது எங்கள் இருவருக்கும் தேவைப்படவில்லை. அப்படி ஒரு லிஃப்ட்டை வைத்திருப்பவன் யாராக இருந்தால் என்ன?

நெற்றிக்கண் சொன்னபடி வந்து மோட்டார் அறையில் மச்சானுக்குப் பக்கத்தில் நின்றார். நான் கூரைமேல் நின்றேன். மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே. கூப்பிட்ட வாய் மூடும் முன் பதில் வந்தது. கடைசித் தளம் முடிந்ததும் மேலிருந்து அவர் குரல் கேட்டது.

"இப்படியே இருங்க. பிரிக்கல."

அவர் படியிறங்கிப் போனார். மகிழ்ச்சியில் எங்களுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நான் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே குழிக்குள்ளிருந்து பேசினேன்.

"இருந்தாலும் ஒரே ஒரு சங்கிலியில தொங்க விட்டிருக்கான் பாருடா!"

"கீழ ஸ்பிரிங் இல்ல, உச்சியில சுவிட்ச் இல்ல. ஏறினவன் கூரையில நசுங்கியே போனான்!"

"நிறுத்துன்னு நான் கத்தினேன். நின்னுச்சா?"

"இதுல ஏறச் சொல்றவனை முதல்ல ஏத்தி விடணும் மாமா!"

நான் எந்த மாடிக்கு நேரே நின்று பேசினேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெற்றிக்கண் தெருமுனை தாண்டும் முன்பே அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். பல் மருத்துவரின் நோயாளிகள் அத்தனை பேரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிவழியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி வாய் மரத்துப்போன பெரியவர் ஒருவர் மட்டும் ஐந்தாம் மாடியில் நாற்காலியை விட்டு எழ மறுத்துவிட்டார்.

"பிரிக்கப் போறீங்களா சார்?" என்று மச்சான் மெல்லக் கேட்டான்.

நெற்றிக்கண் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். "பிரிச்சா ரெண்டு கட்டடத்துல ஜனம் ஓடும். சேத்து வச்சா ஒரு கட்டடத்தோட போகும். போய் அந்தப் பெரியவரை நீங்களே கூட்டிட்டு வாங்க."

மச்சான் மோட்டார் அறைக்கு ஏறினான். நான் ஐந்தாம் மாடிக்குப் போனேன். பெரியவர் கூண்டுக்குள் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருப்பா செத்தது?" என்று ஒரு பக்க வாயால் கேட்டார்.

"கேம்லங்க. கல்மேடை. நம்மளோடதுல எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவருடைய தைரியத்துக்காக மேல்நோக்கிக் குரல் கொடுத்தேன். பொத்தானை அமுக்கினாலே இறங்கிவிடும். இருந்தாலும் கொடுத்தேன்.

"கீழே, அஞ்சு தளம்!"

"கீழே, அஞ்சு தளம்!" என்றது உச்சியிலிருந்து மச்சான் குரல்.

பெரியவர் என் சட்டையை விட்டார்.